சிஎஃப்டி கற்க வருகிறீர்களா? மென்பொருளைத் திறக்கும் முன் எழுத வேண்டிய நாலு நிரல்கள்

காற்றும் நீரும் எப்படி ஓடும் என்பதைக் கணினியில் கணக்கிடும் துறைக்குச் சிஎஃப்டி என்று பெயர். புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஒரு மென்பொருளை நிறுவுவது, காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டே கார் மாதிரியையோ விமான இறக்கையையோ ஏற்றுவது, காணொளியில் பேசுபவர் அழுத்திய பொத்தான்களை அதே வரிசையில் அழுத்துவது, கடைசியில் நீலமும் சிவப்புமாக ஒரு படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது.

படம் வருவதில் ஒன்றுமில்லை. எல்லை நிபந்தனை (ஓரங்களில் ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் கொடுப்பது) தப்பாக இருந்தாலும் வரும், மெஷ் (இடத்தை வெட்டிய கட்டங்களின் வலை) படுமோசமாக இருந்தாலும் வரும். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரிவதுதான் இதில் உண்மையான வேலை. அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி கொஞ்சம் மெதுவானது. நாலு சின்ன நிரல்களை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். அப்புறம் மென்பொருள் பக்கம் போகலாம்.

பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. சாதாரண மடிக்கணினி, பைத்தான், அதனுடன் நம்பை, மேட்பிளாட்லிப் என்ற இரண்டு தொகுப்புகள் போதும். கணக்கில் பகுதி வகைக்கெழு என்றால் என்ன, டெய்லர் தொடரை எப்படி விரிப்பது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். சி++ தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், அது இப்போதைக்கு வேண்டியதில்லை.

எதைத் தீர்க்கப் போகிறோம்

நேவியர் 1822-லும் ஸ்டோக்ஸ் 1845-லும் கொடுத்த வடிவத்தில் இருக்கும் சமன்பாடுகளைத்தான் இன்றும் தீர்க்கிறோம். சொல்லில் வைத்தால் விஷயம் எளிமையானது. ஓர் இடத்துக்குள் நுழைந்த நிறை அங்கே தேங்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். அந்த இடத்து உந்தம் மாறினால் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: ஓட்டமே உந்தத்தைச் சுமந்துகொண்டு வந்தது, அழுத்தம் தள்ளியது, பாகுத்தன்மை இழுத்தது. ஈர்ப்பு மாதிரி வெளிவிசை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் முதல் காரணத்தில் இருக்கிறது. திசைவேகம் தன்னைத் தானே சுமந்து செல்கிறது, அதனால் சமன்பாடு நேரியல் அல்லாததாகிவிடுகிறது. முப்பரிமாணத்தில் இதற்கு எல்லாக் காலத்துக்கும் ஒழுங்கான தீர்வு இருக்குமா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. கிளே கணித நிறுவனம் 2000-ல் இதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது, இன்னும் யாரும் வாங்கவில்லை. பொறியாளர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவும் நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாகவும் வெட்டி, வகைக்கெழுக்களுக்குப் பதில் கழித்தலும் வகுத்தலும் போட்டு, தோராயமான விடையை எடுத்துவிடுகிறார்கள்.

இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் முதலில் முயன்றவர்களில் ஒருவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். கணினி இல்லாத காலம். 1910 மே 20-ஆம் நாளின் வானிலைத் தரவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் ஓரிடத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்குப் போட்டு 1922-ல் வெளியிட்டார். விடை 145 ஹெக்டோபாஸ்கல் ஏற்றம் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. சமன்பாட்டிலோ கூட்டல் கழித்தலிலோ பெரிய பிழை இல்லை. தொடக்கமாகக் கொடுத்த காற்று, அழுத்தத் தரவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அந்தச் சின்ன முரண் கணக்கில் பூதமாக வளர்ந்துவிட்டது. இன்றைக்கும் முதல் சில நேரப்படிகளிலேயே சிமுலேஷன் வெடித்தால் தொடக்க நிலையையும் சந்தேகிக்க வேண்டும்.

நிரலுக்குப் போகும் முன் ஒரு பழக்கம். எந்த ஓட்டத்தை எடுத்தாலும் ரெனால்ட்ஸ் எண்ணை ஒரு காகிதத்தில் போட்டுவிடுங்கள்: வேகம் பெருக்கல் நீளம், வகுத்தல் இயக்கப் பாகுத்தன்மை. 20 டிகிரி செல்சியஸில் நீருக்கு இயக்கப் பாகுத்தன்மை விநாடிக்கு சுமார் 0.000001 சதுர மீட்டர், காற்றுக்கு சுமார் 0.000015. 2.5 சென்டிமீட்டர் குழாயில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் 25,000. குழாய் ஓட்டம் சுமார் 2,300-க்கு மேல் சீர் குலையத் தொடங்கும் என்பதால் இது கொந்தளிப்பு ஓட்டம், வேறு வகையான கணக்கு. அரை நிமிடத்தில் போடக்கூடிய இந்த வகுத்தலைப் போடாமல், கொந்தளிப்பு இல்லாத சீரோட்டத்துக்கான சால்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) ஓட்டிவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

முதல் நிரல்: சாயத்தை நகர்த்துவது

ஒரு நேர்கோட்டில் 0.1 மீட்டர் இடைவெளியில் புள்ளிகள். இடமிருந்து வலமாக நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சாயம் எவ்வளவு என்று ஓர் எண். தொடக்கம் இப்படி இருக்கட்டும்:

1, 1, 1, 0, 0, 0, 0

இடது ஓரத்தில் சாயம் எப்போதும் 1. வேகம் பெருக்கல் நேரப்படி, வகுத்தல் புள்ளி இடைவெளி. இதற்குக் கூரண்ட் எண் என்று பெயர். ஒரு நேரப்படியில் சாயம் எத்தனைக் கட்டம் நகர்கிறது என்பதுதான் அதன் பொருள். இனி விதி: புதிய மதிப்பு என்பது பழைய மதிப்பிலிருந்து, கூரண்ட் எண் மடங்கு 'பழைய மதிப்பு கழித்தல் இடப்பக்கத்துப் பழைய மதிப்பு' என்பதைக் கழித்தால் வருவது. ஓட்டம் வரும் பக்கத்தைப் பார்ப்பதால் இது அப்விண்ட் முறை.

நேரப்படி 0.05 விநாடி என்றால் கூரண்ட் எண் 0.5. கணினி இல்லாமலே போட்டுப் பாருங்கள்:

முதல் படி: 1, 1, 1, 0.5, 0, 0, 0
இரண்டாம் படி: 1, 1, 1, 0.75, 0.25, 0, 0

இரண்டு படி என்பது 0.1 விநாடி. உண்மையில் சாயத்தின் விளிம்பு சரியாக ஒரு கட்டம் நகர்ந்து 1, 1, 1, 1, 0, 0, 0 என்று இருக்க வேண்டும். நமக்கு விளிம்பு மங்கிப்போய்விட்டது. சாயம் பரவ வேண்டும் என்று நாம் எந்த இடத்திலும் சொல்லவில்லை, முறையே பரப்பிவிட்டது. இதற்கு எண்வழிப் பரவல் என்று பெயர், இதன் அளவையும் டெய்லர் விரிவில் கண்டுபிடித்துவிடலாம்: வேகம் பெருக்கல் இடைவெளி பெருக்கல் 'ஒன்று கழித்தல் கூரண்ட் எண்', மொத்தத்தையும் இரண்டால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் விநாடிக்கு 0.025 சதுர மீட்டர். இதே முறையில் உந்தத்தை நகர்த்தினால் நீரின் உண்மையான பாகுத்தன்மையைவிட 25,000 மடங்கு போலிப் பாகுத்தன்மை கணக்குக்குள் நுழைந்துவிடும். நீர் என்று நினைத்துக்கொண்டு கிரீஸ் போன்ற ஒன்றைச் சிமுலேட் செய்துகொண்டிருப்பீர்கள், படம் மட்டும் வழவழவென்று அழகாக இருக்கும்.

இப்போது நேரப்படியை 0.2 ஆக்குங்கள். கூரண்ட் எண் 2. அதே விதி:

முதல் படி: 1, 1, 1, 2, 0, 0, 0
இரண்டாம் படி: 1, 1, 1, 0, 4, 0, 0
மூன்றாம் படி: 1, 1, 1, 2, −4, 8, 0

வெடித்துவிட்டது. ஒரு படியில் சாயம் இரண்டு கட்டம் தாண்ட வேண்டும், ஆனால் நம் விதி ஒரு கட்டம் தள்ளி இருப்பதைத்தான் பார்க்கிறது. தேவையான தகவல் அதன் கைக்கு எட்டவே இல்லை. கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரும் 1928-ல் சொன்னது இதைத்தான். பழைய மதிப்புகளிலிருந்து புதியதை நேராகக் கணக்கிடும் இந்த மாதிரி வெளிப்படை முறைகளில் கூரண்ட் எண் ஒன்றைத் தாண்டக் கூடாது. சரியாக ஒன்று வைத்தால் விளிம்பு மங்காமல் அப்படியே நகரும், போட்டுப் பாருங்கள். ஆனால் இடத்துக்கு இடம் வேகம் மாறும் உண்மையான ஓட்டத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒன்று வைக்க முடியாது.

அப்விண்டுக்குப் பதில் இருபக்கப் புள்ளிகளையும் எடுத்தால் துல்லியம் கூடுமே என்று தோன்றும். டெய்லர் தொடரும் அப்படித்தான் சொல்கிறது. கூரண்ட் எண் 0.5-க்கு அதையும் போட்டுப் பார்த்தால் இரண்டாம் படியில் மூன்றாவது புள்ளி 1.4375 ஆகிறது. ஒன்றுக்கு மேல் சாயமே இல்லாத இடத்தில் ஒன்றரை எப்படி வந்தது? பாகுத்தன்மை எதுவும் இல்லாத இந்தக் கணக்கில், எளிய முன்னோக்கு நேரப்படியோடு சேர்ந்தால் இந்த முறை எவ்வளவு சின்ன நேரப்படியிலும் நிலைக்காது. ஒருபக்கம் மங்கல், மறுபக்கம் துள்ளல். துல்லியத்தில் முதல் படிக்கு மேல் போகும் (அதாவது இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை பாதியைவிட அதிகமாகக் குறையும்) நேரியல் முறை எதுவும் துள்ளாமல் இருக்க முடியாது என்று கோதுனோவ் 1959-ல் நிறுவிவிட்டார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் விளிம்பு வரும் இடத்தில் மட்டும் அப்விண்ட் பக்கம் சாயும் லிமிட்டர்களை உண்டாக்கினார்கள். மென்பொருளில் நகர்த்தலைக் கணக்கிடும் திட்டங்களின் (ஸ்கீம்) நீண்ட பட்டியல் ஒன்றைப் பார்ப்பீர்கள். அத்தனையும் இந்த இரண்டு தொல்லைகளுக்கு நடுவே செய்துகொண்ட வெவ்வேறு சமரசங்கள்.

நிரலில் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லாப் புள்ளிக்கும் பழைய மதிப்புதான் வேண்டும். இடமிருந்து வலமாக அதே அரேயில் எழுதிக்கொண்டே போனால், அடுத்த புள்ளி புதிய மதிப்பை எடுத்துவிடும். நம்பையில் சமக்குறி போட்டால் நகல் ஆகாது, அதே அரேக்கு இன்னொரு பெயர் வைத்ததாகத்தான் ஆகும். காப்பி கட்டளை கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் நிரல்: பரவல்

இது சீக்கிரம் முடியும். ஒவ்வொரு புள்ளியும் இருபக்கத்து அண்டை மதிப்புகளைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய எண், பரவல் கெழு பெருக்கல் நேரப்படி, வகுத்தல் இடைவெளியின் வர்க்கம். ஒரு பரிமாணத்தில் அது 0.5-ஐத் தாண்டக் கூடாது. வேண்டுமென்றே 1 வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் 1 இருக்கும் வரிசை இப்படிப் போகும்:

0, 0, 0, 1, 0, 0, 0
0, 0, 1, −1, 1, 0, 0
0, 1, −2, 3, −2, 1, 0

மேடு கரைய வேண்டியதற்குப் பதில் வளர்கிறது. ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள், எல்லாவற்றிலும் கூட்டுத்தொகை 1. அதாவது மொத்தச் சாயம் ஒரு துளிகூடக் கூடவுமில்லை குறையவுமில்லை, விடை மட்டும் முழுக் குப்பை. 'நிறைச் சமநிலை சரியாக இருக்கிறதே, பிறகென்ன' என்று யாராவது சொன்னால் இந்த மூன்று வரிகளைக் காட்டலாம். அது தேவையான சோதனை, அது மட்டும் போதாது.

இன்னொன்று, இடைவெளி இங்கே வர்க்கத்தில் வருகிறது. மெஷ்ஷைப் பாதியாக்கினால் நேரப்படி கால்வாசியாகும். இந்தத் தொல்லையிலிருந்து தப்ப உள்ளார்ந்த முறைகள் இருக்கின்றன. புதிய மதிப்புகளை எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பது அது. ஒரு பரிமாணத்தில் தாமஸ் வழிமுறை பத்துப் பதினைந்து வரியில் முடித்துவிடும். எவ்வளவு பெரிய நேரப்படி வைத்தாலும் வெடிக்காது என்பதால் பெரிதாக வைக்க ஆசை வரும். வெடிக்காதது வேறு, சரியாக இருப்பது வேறு. நேரத்தோடு மாறுவதைப் பிடிக்க வேண்டுமென்றால் படி சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நிரல்: அழுத்தம்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம். நீர் போன்ற அடர்த்தி மாறாத பாய்மத்தில் திசைவேகத்துக்குச் சமன்பாடு இருக்கிறது, அழுத்தத்துக்கு என்று தனியாகச் சமன்பாடு கிடையாது. நிறைச் சமன்பாட்டில் அழுத்தம் வருவதே இல்லை. நுழைந்ததும் வெளியேறியதும் சமம் என்ற நிபந்தனை மட்டும்தான் அதில் உண்டு. ஆக, அந்த நிபந்தனை நிறைவேறும்படி தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஒன்றாக அழுத்தம் நிற்கிறது.

சோரின் 1960-களின் பிற்பகுதியில் கொடுத்த வழி இன்றும் தொடக்கத்துக்குச் சிறந்தது. ஒவ்வொரு நேரப்படியிலும் மூன்று வேலை. முதலில் அழுத்தத்தை மறந்துவிட்டு, நகர்த்தலையும் பரவலையும் மட்டும் வைத்து ஒரு தற்காலிகத் திசைவேகத்தைக் கணக்கிடுங்கள். அது நிறை நிபந்தனையை மீறியிருக்கும். அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மீறியிருக்கிறது என்பதை வலப்பக்கம் வைத்து அழுத்தத்துக்கான பாய்சான் சமன்பாட்டை (அழுத்தத்தின் இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை அந்த வலப்பக்கத்துக்குச் சமம் என்பது) தீர்க்கவும். கடைசியாக, கிடைத்த அழுத்தத்தின் சரிவைக் கொண்டு திசைவேகத்தைத் திருத்தவும். திருத்திய பிறகு மீறல் பூச்சியத்துக்கு அருகில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பிழை உங்கள் பாய்சான் பகுதியிலோ எல்லையிலோ இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம்.

எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதும் இங்கே முக்கியம். திசைவேகம், அழுத்தம் எல்லாவற்றையும் கட்டத்தின் மையத்திலேயே வைத்தால் ஒரு விநோதம் நடக்கும். அழுத்தம் 100, 0, 100, 0, 100 என்று சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி இருந்தாலும், ஒரு கட்டத்தில் நின்று இருபக்கமும் பார்த்தால் இரண்டும் சமம், வித்தியாசம் பூச்சியம். இவ்வளவு கோணலான அழுத்தம் இருப்பதே உந்தச் சமன்பாட்டின் கண்ணுக்குத் தெரியாது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஹார்லோவும் வெல்ச்சும் 1965-ல் இதற்கு வழி சொன்னார்கள். அழுத்தத்தை மையத்திலும் திசைவேகங்களைக் கட்டத்தின் பக்கங்களிலும் வையுங்கள். அப்போது ஒவ்வொரு திசைவேகமும் தன் இருபுறமும் ஒட்டியிருக்கும் அழுத்தங்களை நேராகப் பார்க்கும். இதற்கு ஸ்டாகர்டு கிரிட் என்று பெயர். உங்கள் நிரலில் இதையே பின்பற்றுங்கள். இப்போதுள்ள பெரிய மென்பொருள்கள் மையத்திலேயே வைத்துவிட்டு, ரீ, சௌ இருவரும் 1983-ல் சொன்ன இடைக்கணிப்பு மாதிரியான உத்திகளால் சமாளிக்கின்றன, அது அப்புறம்.

பாய்சான் சால்வரை ஓட்டத்தோடு சேர்க்கும் முன் தனியாகச் சோதியுங்கள். ஒரு பக்கம் 1 நீளமுள்ள சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடை என்னவென்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள்: 'கொசைன் பை எக்ஸ்' பெருக்கல் 'கொசைன் பை ஒய்' என்று வையுங்கள். சுவருக்குச் செங்குத்தான இதன் சரிவு நாலு சுவரிலும் பூச்சியம். சுவரில் அழுத்தத்துக்கு நாம் கொடுக்கும் எல்லை நிபந்தனையும் அதுவே என்பதால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். இதை விடையாகத் தரும் வலப்பக்கம், அதே சார்பின் −2 பை வர்க்க மடங்கு. அதைக் கொடுத்து உங்கள் சால்வர் விடையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறதா பாருங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கும்போது பிழை நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். பாதியாக மட்டும் குறைந்தால் பெரும்பாலும் சுவர் ஓரத்துச் சூத்திரம் சரியில்லை என்று பொருள். எல்லாச் சுவரிலும் சரிவு மட்டும் கொடுத்தால் அழுத்தத்தோடு எந்த மாறிலியைக் கூட்டினாலும் அதுவும் விடையே, அதனால் ஒரு கட்டத்தில் அழுத்தத்தைப் பூச்சியம் என்று கட்டிவையுங்கள்.

தீர்க்கும் முறையாக முதலில் காஸ்-சைடல் போதும் (ஒவ்வொரு கட்டத்தையும் அண்டை மதிப்புகளைக் கொண்டு திரும்பத் திரும்பத் திருத்துவது). மெஷ் நுணுக்கமாக நுணுக்கமாக அது நொண்டும். கணக்கின் பெரும்பகுதி நேரம் இந்த ஒரு சமன்பாட்டில்தான் கரைகிறது, பல அளவு மெஷ்களை மாறி மாறிப் பயன்படுத்தும் மல்டிகிரிட் போன்ற வேகமான முறைகளுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

நாலாம் நிரல்: மூடி நகரும் பெட்டி

ஒரு சதுரப் பெட்டி. மூன்று சுவர்கள் அசையாது, மேல்மூடி மட்டும் வலப்பக்கமாக ஒரே வேகத்தில் நகர்கிறது. உள்ளிருக்கும் பாய்மம் சுழலத் தொடங்குகிறது. நுழைவாயிலும் வெளிவாயிலும் இல்லாததால் எல்லை நிபந்தனைத் தலைவலி குறைவு. அதைவிட முக்கியமாக, ஒப்பிட நம்பகமான எண்கள் கிடைக்கின்றன.

பக்கம் 1, மூடி வேகம் 1, பாகுத்தன்மை 0.01 என்று வையுங்கள். ரெனால்ட்ஸ் எண் 100. பக்கத்துக்கு 40 கட்டம் என்றால் இடைவெளி 0.025. இரு பரிமாணத்தில் பரவலுக்கான எல்லை, இடைவெளியின் வர்க்கத்தைப் பாகுத்தன்மையின் நாலு மடங்கால் வகுத்தது, அதாவது சுமார் 0.0156. நகர்த்தலுக்கு 0.025. 0.005 எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் உள்ளே நிம்மதியாக இருக்கலாம்.

ஸ்டாகர்டு கிரிட்டில் மூடிக்கு இணையான திசைவேகம் சரியாக மூடியின் மேல் அமையாது, அரைக் கட்டம் கீழே இருக்கும். அதனால் சுவருக்கு வெளியே ஒரு கற்பனைக் கட்ட வரிசை வைத்துக்கொள்ளுங்கள். மூடியில், கற்பனைக் கட்டத்தின் மதிப்பு என்பது மூடி வேகத்தின் இரு மடங்கிலிருந்து உள்கட்டத்தின் மதிப்பைக் கழித்தது. அப்போது இரண்டின் சராசரி மூடி வேகமாக வரும். அசையாத சுவரில் உள்மதிப்பின் எதிர்க்குறி. ஒவ்வொரு நேரப்படியிலும் இதைப் புதுப்பிக்க வேண்டும். முதல் படியில் மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் விடை ஏறக்குறைய சரியாகத் தெரிந்தபடியே தப்பாக இருக்கும். இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

படிக்குப் படி திசைவேக மாற்றம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்வரை ஓட்டுங்கள். பிறகு ஒப்பீடு. கியா, கியா, ஷின் மூவரும் 1982-ல் வெளியிட்ட அட்டவணையின்படி, ரெனால்ட்ஸ் எண் 100-க்குச் செங்குத்து நடுக்கோட்டில் கிடைத்திசை வேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு −0.2109, அது கீழிருந்து 0.4531 உயரத்தில். முதன்மைச் சுழலின் மையம் இடமிருந்து 0.6172, கீழிருந்து 0.7344. பாகுத்தன்மையை 0.001 ஆக்கி ரெனால்ட்ஸ் எண் 1,000-க்குப் போனால் அந்தக் குறைந்த மதிப்பு −0.3829 ஆகி, உயரம் 0.1719-க்கு இறங்கும். சுழல் மையமும் பெட்டியின் நடுவை நோக்கி நகரும்.

முதல் கணக்கில் இரண்டாம் தசம இடம்வரை பொருந்தினாலே சந்தோஷப்படலாம். பிறகு நகர்த்தல் பகுதியை மட்டும் இருபக்கப் புள்ளி முறையிலிருந்து அப்விண்டுக்கு மாற்றி, ரெனால்ட்ஸ் எண் 1,000-ல் மறுபடி ஓட்டிப் பாருங்கள். −0.38 வரவேண்டிய இடத்தில் அளவு கணிசமாகக் குறைந்து வரும். முதல் நிரலில் பார்த்த அதே போலிப் பாகுத்தன்மை இங்கே சுழலைப் பிடித்து நிறுத்துகிறது.

மூன்று மெஷ் இல்லாமல் விடை சொல்லாதீர்கள்

ஒரே மெஷ்ஷில் கிடைத்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒன்றைவிட ஒன்று இருமடங்கு நுணுக்கமாக மூன்று மெஷ் எடுத்து, உங்களுக்கு வேண்டிய எண்ணை மூன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இழுவைக் கெழு (ஓட்டம் ஒரு பொருளை எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 1.50, 1.42, 1.40 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசங்கள் 0.08, 0.02. விகிதம் 4, அதாவது முறை இரண்டாம் படித் துல்லியத்தோடு (மெஷ்ஷைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகும்படி) நடந்துகொள்கிறது. கடைசி வித்தியாசத்தை மூன்றால் வகுத்து இன்னும் கொஞ்சம் அதே திசையில் நகர்த்தினால் 1.393. முடிவிலி நுணுக்க மெஷ்ஷில் வரக்கூடிய விடையின் மதிப்பீடு அது. இந்த உத்தியும் வானிலைக் கணக்குப் போட்ட அதே ரிச்சர்ட்சனுடையதுதான். விகிதம் 4-க்குப் பக்கத்தில் வராமல் தாறுமாறாக வந்தால் மெஷ் இன்னும் போதவில்லை, அப்போது இந்த நீட்டிப்பைச் செய்யக் கூடாது.

இப்போது மென்பொருள்

ஓப்பன்ஃபோம் இலவசம், 2004-லிருந்து திறந்த மூலம். கட்டளைகள் தட்டித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது தொடக்கத்தில் எரிச்சல் தரும், ஆனால் ஒவ்வொரு அமைப்பும் ஒரு கோப்பில் கண்ணெதிரே இருக்கும். பொத்தான்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்காது. கற்பவர்களுக்கு அதுவே நல்லது என்பது என் கட்சி.

அதன் முதல் பயிற்சியும் நாம் எழுதிய பெட்டிதான். பக்கம் 0.1 மீட்டர், மூடி வேகம் 1, பாகுத்தன்மை 0.01, ஆக ரெனால்ட்ஸ் எண் 10. மெஷ் 20-க்கு 20, நேரப்படி 0.005, கூரண்ட் எண் மூடி ஓரத்தில் சரியாக 1. அங்கே எல்லோரும் பயிற்சியை ஓட்டிப் படம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பாகுத்தன்மையை 0.001 ஆக்குங்கள், மெஷ்ஷை 40-க்கு 40 ஆக்குங்கள், நேரப்படியையும் பாதியாக்குங்கள், ஓடும் நேரத்தை 0.5 விநாடியிலிருந்து 3 விநாடிக்காவது நீட்டுங்கள். விடையைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் நடுக்கோட்டு வேகத்தை எடுத்து உங்கள் நிரலின் விடையோடு ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஒரு பெரிய மென்பொருளும் உங்கள் சொந்த நிரலும் ஒரே கோட்டில் விழுவதைப் பார்த்த பிறகு மென்பொருள் மேல் இருக்கும் பயமும் போகும், குருட்டு நம்பிக்கையும் போகும்.

அடுத்த பயிற்சிக்கு உருளையைச் சுற்றி ஓடும் ஓட்டம் நல்லது. விட்டம் 1, வேகம் 1, பாகுத்தன்மை 0.01. ரெனால்ட்ஸ் எண் சுமார் 47-ஐத் தாண்டியதும் உருளைக்குப் பின்னால் சுழல்கள் மேலும் கீழும் மாறி மாறிக் கழன்று போகும். 100-ல் ஒரு நேர அலகுக்குச் சுமார் 0.16 முதல் 0.17 முறை கழல வேண்டும், இழுவைக் கெழு ஏறக்குறைய 1.3 முதல் 1.4-க்குள் வர வேண்டும். ஒரு சுற்றுக்கே ஆறு நேர அலகு ஆகும் என்பதால், தொடக்கத் தடுமாற்றம் அடங்க விட்டு, பிறகு பல சுற்றுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும். பக்கச் சுவர்களை நெருக்கமாக வைத்தால் ஓட்டம் பிதுங்கி இழுவை கூடிக் காட்டும். வெளிவாயிலை உருளைக்கு ஒட்டினாற்போல் வைத்தால் சுழல்கள் அங்கே முட்டித் திரும்பும். நுழைவாயிலில் திசைவேகம், வெளிவாயிலில் அழுத்தம் என்பது பழகிய ஜோடி. இரண்டு இடத்திலும் இரண்டையும் கட்டிவைத்தால் கணக்கின் கழுத்தை நெரித்த மாதிரி.

சால்வர் ஓடும்போது மீதப்பிழை (சமன்பாடு இன்னும் எவ்வளவு நிறைவேறாமல் இருக்கிறது என்பது) வரைபடம் இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு எந்த எண் வேண்டுமோ, இழுவையோ அழுத்த வீழ்ச்சியோ, அதையும் கூடவே வரையுங்கள். மீதப்பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கு இறங்கிய பிறகும் இழுவை மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் கணக்குகள் ஏராளம்.

கொந்தளிப்புக்குள் நுழையும்போது

இது தனிக் கடல், இங்கே கரையை மட்டும் தொடுகிறேன். எல்லாச் சுழல்களையும் நேரடியாகக் கணக்கிட வேண்டுமென்றால் தேவையான புள்ளிகள் ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்காகக் கூடும். ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால் புள்ளிகள் சுமார் 178 மடங்கு. அதனால் தொழில்துறையில் சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு, சுழல்களின் விளைவுக்கு ஒரு மாதிரியைப் போட்டுவிடுகிறார்கள். 1970-களிலிருந்து புழங்கும் கே-எப்சிலான், விமான இறக்கைகளை மனத்தில் வைத்து 1992-ல் வந்த ஸ்பலார்ட்-ஆல்மராஸ், மென்டர் 1994-ல் கொடுத்த எஸ்எஸ்டி ஆகியவை அதிகம் புழங்குபவை. சுவரை விட்டு ஓட்டம் பிரியும் இடங்களில் நான் எஸ்எஸ்டியிலிருந்து தொடங்குவேன். எதுவும் எல்லா இடத்துக்கும் சரிவராது.

மாதிரியைவிட முதலில் கவனிக்க வேண்டியது சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் உயரம். 1 மீட்டர் நீளத் தகட்டின் மேல் காற்று விநாடிக்கு 20 மீட்டர் ஓடுவதாக எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் சுமார் 13 லட்சம். தகட்டுக்கான வழக்கமான உராய்வுச் சூத்திரத்தில் போட்டால் உராய்வுக் கெழு சுமார் 0.0035, அதிலிருந்து உராய்வு வேகம் (சுவரின் உராய்வை வேக அலகில் சொல்வது) விநாடிக்கு சுமார் 0.83 மீட்டர். பாகுத்தன்மையை இதால் வகுத்தால் 0.018 மில்லிமீட்டர். சுவரிலிருந்து உள்ள தூரத்தை இந்த நீளத்தின் மடங்காகச் சொல்லும் ஒய்-பிளஸ் என்ற அளவு 1 ஆகும் உயரம் அது. சுவர்வரை முழுமையாகக் கணக்கிட வேண்டுமென்றால் முதல் கட்டம் இவ்வளவு மெல்லியதாக வேண்டும். சுவரை ஒட்டிய பகுதியைக் கணக்கிடாமல் ஒரு சூத்திரத்தால் ஈடுகட்டும் சுவர்ச் சார்பு பயன்படுத்துவதாக இருந்தால் ஒய்-பிளஸ் 30-க்கு மேல், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ வைத்துவிட்டு மாதிரியைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. இது முன்மதிப்பீடு மட்டுமே. கணக்கு ஓடி முடிந்ததும் உண்மையில் வந்த ஒய்-பிளஸ்ஸைச் சுவர் முழுக்க வரைந்து பார்த்து, வேண்டுமானால் மெஷ்ஷைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள்.

வெடித்தால் எங்கே தேடுவது

கணக்கு 'எண் அல்ல' என்று கக்கிக்கொண்டு நிற்கும் நாள் எல்லோருக்கும் வரும். ஒரே நேரத்தில் நாலு அமைப்புகளை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் அலகுகளைப் பாருங்கள். மில்லிமீட்டரில் வரைந்த வடிவத்தை மீட்டராக எடுத்துக்கொண்டிருந்தால் ரெனால்ட்ஸ் எண் ஆயிரம் மடங்கு எகிறியிருக்கும். அடுத்து நேரப்படியைப் பத்தில் ஒன்றாக்குங்கள். அப்படியும் வெடித்தால் கோளாறு நேரப்படியில் இல்லை, தொடக்க நிலையிலோ எல்லையிலோ மெஷ்ஷிலோ இருக்கிறது. வெடிப்பதற்கு ஒரு படி முன்னால் சேமித்த நிலையைத் திறந்து, வேகம் மிக அதிகமாக இருக்கும் கட்டம் எது என்று தேடுங்கள். பெரும்பாலும் கோணிப்போன ஒரே ஒரு கட்டத்திலோ வெளிவாயில் மூலையிலோ போய் நிற்பீர்கள். ஓப்பன்ஃபோமில் செக்மெஷ் கட்டளை அப்படிப்பட்ட கட்டங்களை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கடைசியாக, நகர்த்தல் திட்டத்தை அப்விண்டுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதில் நின்றால் அந்த விடையைத் தொடக்க நிலையாக வைத்துக்கொண்டு இரண்டாம் படித் திட்டத்துக்குத் திரும்பி ஓட்டுங்கள். அப்விண்டிலேயே நிறுத்திவிட்டு அறிக்கை எழுத உட்காராதீர்கள்.